நாலாவது குழாய்

என் பொறுமை எழுநூறு யூரோவுக்கு விலைபோனது. விற்றவன் நான், வாங்கியவன் குதிரைப் பண்ணைக்காரன் வுப்பே.

செப்டம்பரில் அவன் பண்ணையில் ஒரு கறுப்புப் பெட்டைக் குதிரைக்கு விலை பேசினோம். நெதர்லாந்தில் எங்கள் ட்ரென்ட்டே பக்கத்துக் குதிரை வியாபாரம் கையால் நடப்பது. நான் ஒரு விலை சொல்லி அவன் உள்ளங்கையில் அறைவேன். அவன் ஒரு விலை சொல்லி என் கையில் அறைவான். யாராவது கையை விடாமல் பிடித்துக் குலுக்கிவிட்டால் விலை முடிந்தது. அப்புறம் பேச்சே இல்லை. அன்றைக்கு என் இடது மேல் கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது, கன்னம் வீங்க ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்று ஏழாவது அறையிலேயே குலுக்கிவிட்டேன். குதிரையின் மதிப்புக்கு மேல் எழுநூறு யூரோ கூடுதலாகக் கொடுத்திருந்தேன். வுப்பேவுக்கே வெட்கமாகிவிட்டது, ஆனால் ஒரு நிமிஷத்துக்குத்தான்.

"அக்டோபர் சந்தையில பாப்போம்டா ஹார்ம்," என்றான். "இதே பல்லோட வந்துரு."

என் வருஷ வியாபாரத்தில் பாதி அந்த ஒரு நாள் சந்தையில். வீங்கிய முகத்தோடு போனால் ஊரே என் கன்னத்தைப் பார்த்து விலை சொல்லும்.

மூன்றாம் நாள் வலி சட்டென்று நின்றது.

"பாத்தியா, தானா சரியாயிருச்சு," என்று மனைவி ரூலியிடம் பெருமையடித்தேன்.

"சரியானதாலதான் கன்னம் பன்னு மாதிரி இருக்கா? கிளம்புங்க டாக்டர்கிட்ட."

எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் ஃப்ரௌக்யே சின்ன வயசுக்காரி. பேச்சில் சல்லிக்காசு தள்ளுபடி கிடையாது. பல்லில் குளிர்ந்த பஞ்சை வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் லேசாகத் தட்டினாள், நாற்காலியோடு குதித்தேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி ஒரு கறுப்பு நிழல்.

"வலி நின்னுபோச்சே டாக்டரம்மா?"

"உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு, அதான் நின்னுச்சு. கிருமி சாகல. வேர் வழியா எலும்புக்குள்ள ஏறியிருக்கு. நேத்து நொண்டின குதிரை, சந்தையன்னிக்குக் காலையில சும்மா ஜம்முன்னு நடந்தா நீங்க வாங்குவீங்களா?"

வாங்க மாட்டேன். யாரோ ஊசி போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

"அப்ப பிடுங்கிருங்க. அது மலிவுதானே?"

"மலிவுதான். மேல்பல்லு போனா கீழ்ப்பல்லு என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க, குதிரைக்காரர்தானே."

எதிரே உரச ஆளில்லாமல் கீழ்ப்பல் வளர்ந்துகொண்டே போய், வைக்கோலை மெல்ல முடியாத குதிரைகளைப் பாதி விலைக்கு வாங்கியவன் நான்.

"மனுசனுக்கு அவ்வளவு மோசமாகாது," என்றாள். "ஆனா கீழ்ப்பல்லு கிளம்பும், பக்கத்துப் பல்லு சாயும். அதுக்குப் பதிலா வேர் சிகிச்சை செஞ்சிரலாம். பல்லுல ஒரு துளை போட்டு, வேர்க்குழாய்க்குள்ள செத்துக் கிடக்கிறத எல்லாம் மெல்லிசு அரத்தால சுரண்டி எடுப்பேன். மருந்து விட்டுக் கழுவி, ரப்பர் மாதிரி ஒண்ணால நுனிவரைக்கும் அடைச்சிருவேன். பல்லுக்கு உசிரு இருக்காது, வேலை செய்யும்."

"எவ்வளவு?"

"குழாய்க்கு ஏத்த காசு. அரசாங்கம் போட்ட விலை, பேரம் கிடையாது."

"மூணு வேரு, மூணு குழாய். முடிச்சுக்கலாம்."

"நாலும் இருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. விற்கிறவள் அப்படித்தானே சொல்வாள்.

மரத்துப்போக ஊசி போட்டாள். அதன்பிறகு எந்த எதிரியும் எனக்குச் செய்யாததைச் செய்தாள்: எச்சில் உள்ளே போகாமலிருக்க ஒரு ரப்பர் விரிப்பை வாய்மேல் இழுத்து மாட்டினாள். பல் மட்டும் வெளியே, வியாபாரி உள்ளே. முக்கால் மணி நேரம் உருப்பெருக்கிக் கருவியில் கண்ணை வைத்துத் தோண்டினாள்.

"ஹார்ம், நாலாவது இருக்கு."

"ம்ம்ங்!" என்றேன். அதற்குமேல் வரவில்லை. மூன்று விரலைக் காட்டிக் கையை நீட்டினேன்.

அவள் ஒரு கணம் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு என் உள்ளங்கையில் சுளீரென்று ஒன்று வைத்தாள். "நாலு!"

நான் திருப்பி அறைந்தேன். மூன்று விரல்.

"நாலு!" இந்த முறை இன்னும் பலமாக. அங்கே நின்ற உதவியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஃப்ரௌக்யே திரையை என் பக்கம் திருப்பினாள். கழுவிய மூன்று துளைகள். பக்கத்தில் ஒரு கோட்டின் கடைசியில் ஈக்கண் அளவு ஒரு கறுப்புப் புள்ளி. "இத விட்டா மத்த மூணையும் கழுவினதே வீண். உள்ள இருக்கிற கிருமி ஒருநாள் திரும்பி வரும். அப்ப காசும் போகும், பல்லும் போகும்."

சந்தையில் குதிரையின் மூன்று குளம்புகளைத் தானே தூக்கிக் காட்டிவிட்டு, நாலாவதுக்கு வரும்போது மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. முப்பது வருஷமாக அந்த நாலாவதை நானே குனிந்து தூக்கிப் பார்த்துவருகிறேன். இவள் என் வாயில் குனிந்து அதையேதான் செய்திருக்கிறாள்.

அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அடுத்த வாரம் நாலையும் அடைத்தாள். இரண்டு நாள் கடித்தால் நோவு. பிறகு கன்னம் வற்றியது. "பல்லு மேல மூடி மாதிரி கேப் போடுறவரைக்கும் அந்தப் பக்கம் கடினமானது மெல்லாதீங்க," என்றாள்.

சந்தையில் வுப்பே குதிரையைக் காட்டும் முன்பே என் கன்னத்தைப் பார்த்தான்.

"எங்கடா வீக்கம்?"

"வித்துட்டேன்."

சாம்பல் நிறக் குதிரை, நாலு குளம்பும் சுத்தம். அவன் நாலாயிரத்து ஐநூறு என்று அறைந்தான். நான் இரண்டாயிரத்து ஐநூறு என்று அறைந்தேன். கோபித்துக்கொண்டு போனான், வந்தான், மறுபடி போனான். மழை பிடித்தது. நான் காபி குடித்தேன்.

"உனக்கு வீட்டுக்குப் போக வேணாமாடா?"

"ரூலி பட்டாணி சூப் வச்சிருக்கா. நாளைக்கு இன்னும் ருசியா இருக்கும்."

பத்தொன்பதாவது அறையில் அவன்தான் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

லாரியில் ஏறியதும் கணக்கு எழுதினேன். வுப்பே கேட்டது 4500, நான் கொடுத்தது 2900, மிச்சம் 1600. அதில் நான்கு குழாய்க்கும் அடைப்புக்கும் போனது 540. போக மீதி 1060. கேப்புக்கு ஃப்ரௌக்யேவுக்குத் தர வேண்டியது 650, பாக்கி. பல் ஒன்று, இடது மேல், கைவசம்.