மெலாவின் அம்மா ஏறவில்லை

போலந்தின் கிராகோவுக்குப் படிக்க வந்த மூன்று மாதமாக ஆட்ரி ஸ்வென்சன் 'தாக்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். போலிஷ்காரர்களுக்கு 'தாக்' என்றால் 'ஆமாம்'. அவள் மினசோட்டாவில், டுலூத் நகரத்தில் வளர்ந்த பெண். ஒருவரை இரண்டாம் தடவை பேச வைப்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற வீடு. அதனால் எதிரே இருப்பவர் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையை ஆட்டி 'தாக்' என்றுவிடுவாள். அப்படி ஆட்டியதில்தான் அவள் தங்கியிருந்த வீட்டு அம்மாள் ஹலீனா அவள் தட்டில் பன்னிரண்டாவது கொழுக்கட்டையை வைத்தாள். முடிவெட்டும் கடையில் தோள் வரை இருந்த முடி காதோடு போனது. தேவாலயப் பாட்டுக் குழுவில் பேர் சேர்ந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தாள். கல்லூரித் தோழிகளிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதுவரை சிரிக்கிற மாதிரிதான் நடந்திருந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் புடாபெஸ்டுக்குக் கிளம்பினாள். தோழிகள் மூன்று பேர் முதல் நாளே போய்விட்டார்கள். இவளுக்கு மட்டும் வரலாற்று வகுப்புக் கட்டுரை ஒன்று பாக்கி இருந்ததால் பின்தங்கிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அதைச் செல்போனிலேயே தட்டிக்கொண்டு வந்தாள்.

பக்கத்து சீட்டில் ஒரு தாயும் குழந்தையும். தாயின் பெயர் டொரோட்டா. முப்பது வயது இருக்கும். குழந்தைக்கு இரண்டு வயது. பெயர் மெலா என்று டொரோட்டா சொன்னபோது ஆட்ரி உண்மையாகவே புரிந்துகொண்டாள், சந்தோஷப்பட்டாள். ஸ்லோவாக்கியாவில் ஸ்வோலென் ஊரில் மரத் தொழிற்சாலையில் புருஷனுக்கு வேலை, அவனிடம் போகிறார்கள் என்பதுகூடப் பாதி புரிந்தது. ஒரு மணி நேரத்தில் மெலா கால்களை அம்மா மடியிலும் தலையை ஆட்ரி மடியிலும் போட்டுத் தூங்கிப்போனாள்.

மலை தொடங்குகிற இடத்தில் பெட்ரோல் பங்க் ஒன்றில் பஸ் நின்றது. சிலர் பெட்டியோடு அங்கேயே இறங்கிப் போனார்கள். டொரோட்டா பால் புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையின் கால்களை மெல்ல ஆட்ரியின் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டே நிமிஷம். பாத்துக்கிறியா?"

"தாக்," என்றாள் ஆட்ரி. இது புரிந்தே சொன்னது.

பிறகு கட்டுரையில் மூழ்கிவிட்டாள். ஓட்டுநர் ஒரு காகிதத்தோடு சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்ரியின் அருகே நின்று குழந்தையைக் காட்டி ஏதோ கேட்டார். "தாக்." காலி சீட்டைக் காட்டி இன்னொன்று கேட்டார். ஆட்ரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிரித்தாள். "தாக், தாக்." அவர் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு முன்னால் போனார். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

ஆட்ரிக்கு உறைத்தபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. கட்டுரையின் கடைசிப் பத்தியை முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. பின்னால் எங்காவது தெரிந்தவர்களோடு உட்கார்ந்திருப்பாள் என்று முதலில் தோன்றியது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பின் வரிசைகளில் கம்பளித் தொப்பி போட்ட நாலு மாணவர்கள், ஒரு கன்னியாஸ்திரி, தூங்குகிற ஒரு குடும்பம். டொரோட்டாவின் சிவப்புக் கம்பளிச் சட்டை எங்கும் இல்லை. கழிப்பறையில் இருப்பாளோ? கழிப்பறைக் கதவில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஆள் இல்லை.

அப்போதே எழுந்து கத்தியிருக்க வேண்டும். அவளுக்கே அது தெரிந்தது. ஆனால் என்னவென்று கத்துவது? அந்த வாக்கியம் அவளுக்குப் போலிஷில் வராது. 'அம்மா' தெரியும், 'இல்லை' தெரியும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பே அவளை எழவிடவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் ஐந்தானது. ஒவ்வொரு நிமிஷமும் பஸ் அந்தத் தாயிடமிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நேரமாக ஆக, ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

முன் சீட்டின் வலைப்பையில் ஒரு செல்போன் ஒலித்தது. சார்ஜில் போட்டிருந்த டொரோட்டாவின் போன். திரையில் பெயர் இல்லை, வெறும் எண். யார் என்று யோசிக்கவே தேவையில்லை. பெட்ரோல் பங்கிலிருந்து அவள்தான் கூப்பிடுகிறாள்.

ஆட்ரி கையை நீட்டினாள். நேரில் பேசினாலாவது முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். போனில் அழுதுகொண்டே ஒருத்தி பேசினால் என்ன சொல்வது? 'தாக்' என்றா? மணி நின்றது. மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் அவள் எடுக்கவில்லை. நான்காவது தடவை அடித்தபோது மெலா கண் விழித்தாள். மேலே தெரிந்த முகம் அம்மாவின் முகம் இல்லை.

"மாமா?" என்றாள் குழந்தை. அங்கே குழந்தைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடும். அடுத்து உதடு பிதுங்கியது. அடுத்து அழுகை.

அந்த அழுகைதான் ஆட்ரியை எழுப்பியது. குழந்தையைத் தோளில் போட்டு, ஒரு கையில் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற பஸ்ஸில் முன்னால் நடந்தாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கையை வீசினார். உட்கார் என்கிறார் என்று புரிந்தது.

"சார், மாமா இல்ல," என்றாள் ஆட்ரி, தனக்குத் தெரிந்த போலிஷில். "மாமா இல்ல!"

அவர் அவளையே விரலால் சுட்டி ஏதோ சொன்னார். நீதானே மாமா என்கிறார். வாயில் பழக்கப்படி 'தாக்' வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"இல்ல! நான் மாமா இல்ல! மாமா அங்க! பெட்ரோல்!"

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆள் ஒருவர் செய்தித்தாளை மடித்தார். யுராய் என்று பெயர், ஸ்லோவாக்கியாக்காரர், நாற்பது வயது. ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னம்மா சொல்ற நீ? இது உன் கொழந்தை இல்லையா?"

"இல்லீங்க. பக்கத்து சீட்டு அம்மாவோடது. அவங்க பங்க்ல இறங்கினாங்க. பஸ்ல ஏறல."

யுராய் ஓட்டுநரிடம் சொன்னார். ஓட்டுநர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கத்தினார். யுராய் அவள் பக்கம் திரும்பினார்.

"அவர் உன்னைக் கேட்டாராமே? கொழந்தை உன்னுதான்னு கேட்டாராம், ஆமான்ன. பக்கத்துல இருந்தவங்க இங்கயே இறங்கிட்டாங்களான்னு கேட்டாராம், ஆமா ஆமான்ன. ஏம்மா, அமெரிக்காவுல அடுத்தவங்க பிள்ளையைச் சேத்துக்கறது இப்படித்தானா?"

ஆட்ரிக்கு முகம் பற்றி எரிந்தது. "எனக்கு புரியல. புரியாமலே சொல்லிட்டேன்."

"புரியலைன்னா புரியலைன்னு சொல்றதுக்கென்ன?"

அதற்குள் போன் ஐந்தாவது முறை அடித்தது. யுராய் அதை வாங்கி ஓட்டுநரின் காதருகே பிடித்தார். போனிலிருந்து வந்த சத்தம் நாலாவது வரிசை வரை கேட்டது. அது பேச்சே இல்லை. ஒரே அலறல். மெலா அந்தக் குரலைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுப் போனைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

பஸ்ஸுக்குள் ஆளுக்கொரு பேச்சு கிளம்பியது. திருப்பு என்றார் ஒருவர். இந்த மலைப் பாதையில் இவ்வளவு நீளமான வண்டியை எங்கே திருப்புவது என்றார் இன்னொருவர். புடாபெஸ்டில் விமானம் பிடிக்க வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைசியில் ஓட்டுநரே முடிவு செய்தார். எல்லையைத் தாண்டியதும் லாரிகள் நிற்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே கால் மணி நேரம் நிற்பார். போனில் பேசி ஏற்பாடானபடி, ரொட்டி வண்டிக்காரன் ஒருவன் டொரோட்டாவை ஏற்றிக்கொண்டு பின்னால் வருகிறான். வந்து சேர்ந்தால் சரி. வராவிட்டால் போலீஸிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவார்.

கால் மணி நேரமும் போனது. ரொட்டி வண்டி வரவில்லை. ஓட்டுநர் தகவல் சொல்லியிருந்த, நீல விளக்கு வைத்த போலீஸ் கார்தான் வந்தது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி மெலாவை வாங்கக் கை நீட்டினாள். மெலா ஆட்ரியின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். இரண்டு மூன்று மணி நேரப் பழக்கம்தான். அந்தக் குழந்தைக்கு அங்கே தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

"நானும் இறங்கறேன்," என்றாள் ஆட்ரி.

யுராய் குனிந்து மெதுவாகச் சொன்னார். "யோசிச்சுக்கோம்மா. இறங்கினா கேள்வியெல்லாம் உன்னைத்தான் கேப்பாங்க. உனக்கு விசா கிசா தொல்லை வரப்போகுது. கொழந்தையைக் குடுத்துட்டு உக்காரு. ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்ன பயம் அவளுக்கும் இருந்தது. கல்லூரிக்குத் தகவல் போனால்? டுலூத்தில் அப்பாவுக்குப் போன் போனால்? ஆனாலும் கால்கள் படியில் இறங்கிவிட்டன. அந்த நான்கு தடவை அடித்த போன்தான் அவளை இறக்கியது. யுராய் அவளுடைய பையையும் டொரோட்டாவின் மூட்டைகளையும் கீழே எடுத்து வைத்தார். பஸ் போய்விட்டது.

போலீஸ்காரிக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. "பாஸ்போர்ட்," என்றாள். வாங்கிக் காருக்குள் வைத்துவிட்டாள், திருப்பித் தரவில்லை.

"அந்தம்மாவை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"போன் உங்கிட்டதானே இருந்துது?"

"ஆமா."

"எத்தனை தடவை அடிச்சுது?"

"நாலு தடவை விட்டுட்டேன்."

போலீஸ்காரி எழுதிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஆட்ரிக்கு.

குளிர்க்காற்று லாரிகளுக்கு நடுவே சீறியது. ஆட்ரி தன் மேலங்கிக்குள் குழந்தையைப் பொதிந்துகொண்டு முன்னும் பின்னும் நடந்தாள். அந்த ரொட்டி வண்டிக்காரன் யார், எப்படிப்பட்டவன் என்று ஒரு நினைப்பு. வளைவுகளில் அவன் வேகமாக ஓட்டி, அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இன்னொன்று. ஒவ்வொரு வெள்ளை வண்டியையும் பார்த்து நின்றாள். ஒவ்வொன்றும் நிற்காமல் போனது. மெலா விரலை நீட்டி வண்டிகளுக்கெல்லாம் "மாமா" என்றாள். இருபத்தைந்து நிமிஷம் அப்படி.

ஒரு வண்டி நின்றது. அது முழுதாக நிற்பதற்கு முன்பே கதவு திறந்தது. சிவப்புச் சட்டை ஓடி வந்தது. கையில் இன்னும் அந்தப் பால் புட்டி.

டொரோட்டா குழந்தையைப் பிடுங்கினாள். கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு ஆட்ரியின் பக்கம் திரும்பினாள். அடிக்கப் போகிறாள் என்று ஆட்ரி நினைத்தாள், அடித்தால் அடிக்கட்டும் என்றும் நினைத்தாள். அடிக்கவில்லை. கத்தினாள். மூச்சு விடாமல் கத்தினாள்.

"நிறைய திட்டறாங்க, அதை விடு," என்றாள் போலீஸ்காரி. "ஏன் போனை எடுக்கலைன்னு கேக்கறாங்க. என் பொண்ணு செத்துட்டாளோன்னு நெனைச்சேன்னு சொல்றாங்க. யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனைச்சாங்களாம்."

"எனக்குப் பயமா இருந்துது," என்றாள் ஆட்ரி. "பேச வராதுன்னு பயம். வேற காரணம் இல்லை. தப்பு என்னுதுதான்."

போலீஸ்காரி அதைச் சொன்னாள். டொரோட்டா ஆட்ரியையே பார்த்தாள். "உனக்குப் பயமா," என்றாள் கடைசியில். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ரொட்டி வண்டிக்காரன், நரைத்த மீசைக்காரன், சும்மா நிற்கத் தெரியாமல் வண்டிக்குள் போய் மூன்று பன்ரொட்டி எடுத்து வந்தான். மெலாவுக்கு ஒன்று, டொரோட்டாவுக்கு ஒன்று. மூன்றாவதை ஆட்ரியிடம் நீட்டினான். அவளால் அதை மெல்ல முடியவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போலீஸ்காரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "மொழி கத்துக்கோ," என்றாள், காரில் ஏறும்போது.

அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. டொரோட்டா முன்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஆட்ரி பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். சீட்டுகளுக்கு இடையே மெலா ஒருமுறை எட்டிப் பார்த்தாள். டொரோட்டா அவளைத் திருப்பி உட்கார வைத்தாள்.

ஸ்வோலெனில் இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே ஒரு உயரமான ஆள் வேலை உடுப்போடு காத்திருந்தான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் ஜன்னலாகத் தேடி ஆட்ரியைக் கண்டுபிடித்தான். கோபமா வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்ரிக்கு எங்கே பார்ப்பது என்று புரியவில்லை.

மூட்டைகளை இறக்கிவிட்டு டொரோட்டா மறுபடி பஸ்ஸில் ஏறினாள். நேராக ஆட்ரியிடம் வந்து நின்றாள். குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டாள்.

"புடாபெஸ்ட்ல. உன்னை. கூட்டிப்போக. ஆள் வருவாங்களா?"

"வருவாங்க. மூணு பேர்."

"போன் பண்ணிச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"இப்பவே பண்ணு," என்றாள் டொரோட்டா. ஆட்ரி போனைக் கையில் எடுக்கும் வரை நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஆட்ரி தோழிகளைக் கூப்பிட்டாள். குரல் உடைந்ததால் முதலில் அவர்களுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அதற்குப் பிறகு புடாபெஸ்ட் வரை அவள் கண்ணை மூடவில்லை. வழியில் பஸ் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் இறங்கியவர்களை ஜன்னல் வழியே எண்ணினாள். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துப் பார்த்து, கதவு மூடிய பிறகும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.