கடைசி இருக்கை

2002 ஆகஸ்டில் ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பிய பொற்கொடியும் அவளுடைய இரண்டு நாள் குழந்தையும் 2009 மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தைக்கு அப்போதும் இரண்டு நாள்தான் வயது.

உணவுக்குழாய் பாதியில் முடிந்திருந்தது, பால் இறங்கவில்லை. இங்கே அறுவை செய்ய ஆள் இல்லை, பெங்களூர் ஒரு மணி நேரம்தான் என்றார் ஓசூர் டாக்டர். குழந்தையின் அப்பா மூர்த்தி மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுபவன். ஆபீசர்களை மாலையில் பெங்களூருக்குக் கொண்டுவிடும் கம்பெனி பஸ் வழியில் எங்கும் நிற்காது, அதுவே சீக்கிரம் என்று நினைத்தான். டிரைவர் கிருஷ்ணப்பனிடம் கெஞ்சி, கடைசி இருக்கையில் இருவரையும் ஏற்றிவிட்டு ஷிஃப்டுக்குப் போனான். முன் இருக்கையில் ஆபீசர் மாதவன் இருந்தார். அதே வாரம் பிறந்த அவர் மகளுக்கும் அதே குறை. பெங்களூரில் பிறந்ததால் மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். அவர் ஒரு மணி நேரத்தில் இறங்கி மகளைப் பார்க்கப் போனார்.

காலையில் பஸ் திரும்பி வந்தது. கடைசி இருக்கை மட்டும் வரவில்லை.

“அத்திப்பள்ளி வரைக்கும் கண்ணாடியில பாத்தேண்ணா. அக்கா இருந்தாங்க,” என்றான் கிருஷ்ணப்பன்.

“சீட்டையே தொலைச்சுட்டு வந்த டிரைவரு நீ ஒருத்தன்தான்டா,” என்றான் மூர்த்தி. அதற்குமேல் யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் போலீஸில் கேட்டால் அந்தப் பக்கம் கேள் என்றார்கள். அங்கே போனால் இங்கே. ஞாயிறுதோறும் அவன் பெங்களூர் போய் வந்தான். அவனுக்குச் சாலை எப்போதும்போல் ஒரு மணி நேரம்தான்; அவர்கள் கண்ணில் படவில்லை. கம்பெனி பஸ்ஸில் வேறு இருக்கை பொருத்தினார்கள். லாரிக்காரர்கள்தான் சேதி கொண்டுவந்தார்கள். சாலையோரமாக ஓர் இருக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது, மடியில் குழந்தையோடு ஒரு பெண், ஆனால் முன்னே போகக் காணோம் என்றார்கள். ஒருவர் அவளை லாரியில் ஏற்றிப் பார்த்தார். லாரிக்கும் ஊர் வரவில்லை, இறக்கிவிட்டார். மூன்றாம் வருடம் சந்தாபுரம் தாண்டியதாகவும், பாப்பா பசியில் அழுவதாகவும் சொல்லியனுப்பினாள். பிறகு, தலைக்குமேல் பாலத்துக்குத் தூண் எழுப்புகிறார்கள் என்றாள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், ஓசூர் டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தின் தேதியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார். ஏம்மா இவ்வளவு தாமதம் என்று கேட்டார்.

“நேராத்தான் வந்தோம் சார். எங்கயும் நிக்கல.”

அறுவை முடிந்து சில நாளில் பால் இறங்கியது. அந்த வாரமே இருக்கையும் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸில் இடமில்லாததால் வாசலில் காவலாளிக்குப் போட்டார்கள். மாதவனின் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் பிறந்தபோது போட்ட சட்டைகளை அவர் துவைத்துக் கொடுத்தனுப்பினார். அளவு சரியாக இருந்தது.