தேதி போடாத கடிதம்

தீவின் பேரவைக்குக் கிளம்புமுன் யூடோரா லாரோக் தன் உரையை மூன்றாம் முறையாக வாசித்துப் பார்த்தாள். வேகவைத்த ஈரப்பலாக்காய் தட்டிலேயே ஆறிப்போயிருந்தது. பதினோரு வருஷமாக ஆளுங்கட்சி உறுப்பினர். ஒருநாள்கூடக் கட்சியை எதிர்த்து வாய் திறந்தவளில்லை. இன்று திறக்கப்போகிறாள்; அது கட்சிக்காரர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. பெல்லான்ஸ் கடற்கரையை ஹோட்டல்காரனுக்குத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்குக் கொடுக்கும் மசோதா இன்று ஓட்டுக்கு வருகிறது. அதை விட்டால் அவள் தொகுதி மீனவர்களுக்குப் படகை இழுத்துப்போட வேறு கரை கிடையாது. ஆளுங்கட்சிக்கு எட்டுப் பேர், எதிர்க்கட்சிக்கு ஏழு. அவள் ஒருத்தி மாறிப்போட்டால் போதும், மசோதா செத்தது.

வாசலில் மீன்கூடையோடு மா டெலின் நின்றாள். முதல் தேர்தலில் யூடோராவுக்காக வீடுவீடாக ஏறி இறங்கிய கிழவி.

"ஏண்டி, இன்னிக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு வந்துடாதே."

"பேசிடுவேன் மா டெலின், சத்தியமா."

"உன் சத்தியத்த ஓட்டு கேக்கறப்பவே பாத்தாச்சு. ரேடியோவில கேட்டுக்கிட்டே இருப்போம், ஆமா."

அவையில் அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. சபாநாயகர் ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தார். பெல்லான்ஸ் உறுப்பினர் யூடோரா லாரோக் இன்றைய தேதியிட்டுத் தம் பதவியை ராஜினாமா செய்கிறாராம்.

அடப்பாவிகளா! வேட்பாளராகப் பெயர் அறிவிக்கிற அன்று கட்சி அலுவலகத்தில் எல்லாரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவது வழக்கம். தேதி மட்டும் போடமாட்டார்கள். "சும்மா ஒரு சடங்கு சிஸ்டர், நானும் போட்டிருக்கேன்" என்று செயலாளர் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே, ஒரு கையில் ரம் கோப்பையோடு, மூன்று தேர்தலிலும் போட்டாள்.

"ஐயா, அது நான் இன்னிக்கு எழுதினதில்ல!"

"கையெழுத்து உங்களுதா, இல்லையா?"

"என்னுதுதான். தேதி என்னுது இல்ல."

"அப்ப வெளிய போங்கம்மா. நீங்க இப்ப உறுப்பினரே இல்ல."

அவளுடைய ஒலிவாங்கியை முன்பே அணைத்திருந்தார்கள். பிரதமர் தலை நிமிரவில்லை. இனி ஏழுக்கு ஏழு. சமமானால் சபாநாயகர் ஓட்டுத்தான் தீர்க்கும்; அது எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

ஊருக்குப் போகும் வேனில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கரையில் மீன் வெட்டும் பலகைமேல் ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது. மா டெலின் நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுத்துப் பேச பயந்தா, பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமேடி. எழுதிக் குடுத்துட்டா ஓடுவ?"

"நான் எழுதிக் குடுக்கல மா டெலின்."

"உன் கையெழுத்துன்னு வாசிச்சானே?"

கையெழுத்து அவளுடையதுதானே.

கிழவியின் மகன் படகு கரைக்கு வந்து நின்றது. கரையில் நிற்கிற யாராக இருந்தாலும் கயிற்றைப் பிடித்தாக வேண்டும், அதற்கு அழைப்பெல்லாம் கிடையாது. யூடோரா செருப்பை உதறிவிட்டு, உரைத்தாள்களை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்தாள். முன்னால் நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் குரல் கொடுத்தான். எல்லாரும் இழுத்தார்கள். ஈர மணலில் அவள் கால்கள் புதைந்தன, படகு அசையவில்லை.