பேச்சை நிறுத்திய முழங்கால்

சாட்லர் ஏரிக்கரையில் எனக்கு இருந்த மரியாதை முழுவதும் என் வலது முழங்காலுக்கு உரியது. அதைச் சுமந்துகொண்டு திரிந்தவன் நான், அவ்வளவுதான்.

வானொலிக்காரர் மின்னசோட்டா முழுவதற்கும் சேர்த்துப் பொத்தாம்பொதுவாக வானிலை சொல்வார். என் மூட்டுகள் எங்கள் ஊருக்கென்று தனியாகச் சொல்லும். பனி கெட்டியாவதும் இளகுவதும் முழங்கால் பொறுப்பு. இடது மோதிரவிரல் கணு, கனடாவிலிருந்து வரும் காற்றை மட்டும் கவனித்துக்கொண்டது. வலது மணிக்கட்டு மழை இலாகா. சுண்டுவிரல் மூடுபனியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டது. அதை நான் நம்பியதில்லை. ஒருமுறை ஜனவரி நடுவில், துப்பினால் எச்சில் கல்லாக விழுகிற குளிரில், மணிக்கட்டு மழை என்றது. ஊரே சிரித்தது. அன்று மாலை வெண்டல் ஹவுகி வீட்டு மாடிக் குழாய் வெடித்து, அவனுடைய சாப்பாட்டு மேசைமேல் மழை கொட்டியது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிஸ்கட் டப்பாவோடு வந்து, திங்கட்கிழமை எனக்குக் கொஞ்சம் பலமாக வலிக்க முடியுமா, பனிப்புயல் வந்து பள்ளிக்கு விடுமுறை கிடைக்குமா என்று கேட்டுப்போனார்கள்.

இவ்வளவு புகழுக்கும் காரணம் முடக்குவாதம். வயதானவர்களுக்கு மூட்டு தேய்ந்து வருகிற வலி வேறு. இது, வீட்டைக் காக்க வேண்டிய நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற வியாதி. என் நாய் இருபது வருடமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

போன இலையுதிர் காலத்தில் டுலூத் நகரத்து டாக்டரம்மா புதிய ஊசி ஒன்றை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, தொடையில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். குளிர்பெட்டியில் அதற்கு இடம், மீனுக்குப் போடும் புழு டப்பாவுக்குப் பக்கத்தில்.

"மாத்தி எடுத்துப் புழுவுக்கு ஊசி போட்டுடாத, ரெய்னோ," என்றாள் என் மனைவி ஐலி.

"போட்டா என்ன? அந்தப் புழு தானா தூண்டில்ல ஏறி உக்காந்துக்கும்."

கிறிஸ்துமஸ் வந்தபோது நாய் படுத்துவிட்டது. செத்துவிடவில்லை, ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதை எழுப்பாமல் வாழ நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். காலையில் விரல்கள் விறைத்திருக்கும். அதனால் முதல் வேலையாக வெந்நீரில் பாத்திரம் கழுவுவேன். டாக்டரம்மா கையை வெந்நீரில் வைக்கச் சொன்னார். பாத்திரத்தையும் அதில் சேர்த்தது ஐலியின் மருத்துவம். முள்கரண்டி, ரம்பம், தூண்டில் எல்லாவற்றின் பிடியிலும் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற நுரை உறையை மாட்டியிருக்கிறேன். விறகு வெட்டுகிற நாளில் வேறு பெரிய வேலை கிடையாது. களைப்பு வந்த பிறகு உட்காருவதில்லை, வருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவேன். சனிக்கிழமை சவுனா நீராவி அறையில் வெந்து எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முழங்கால் போடுகிறவன் என் வயதில் நான் ஒருவன்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, சட்டைப் பொத்தானை நானே போடுகிறேன். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் ஐலிதான் போட்டாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, மார்ச் மாதம் வரும்வரை.

மார்ச் முதல் சனிக்கிழமை எங்கள் ஏரியில், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற போட்டி. உறைந்த ஏரியின் மேலே ஊரே பிக்கப் வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய், மீன்பிடிக் குடில்களைச் சுற்றி நிறுத்தும். அந்த வாரத் திங்கட்கிழமை கோரின் நடத்தும் காப்பிக் கடையில் ஒரு சடங்கு. ஜன்னலோர நாற்காலியில் நான் என் வலது காலைத் தூக்கி வைப்பேன். கோரின் காப்பி ஊற்றுவதை நிறுத்துவாள். நான் கண்ணை மூடுவேன். பிறகு, முழங்கால் வலித்தால் வண்டி போகக் கூடாது, வலிக்காவிட்டால் போகலாம் என்று சொல்வேன். அளவுகோலும் எடுக்க மாட்டார்கள், அரசாங்கத்துக்கும் போன் போட மாட்டார்கள்.

இந்த வருடமும் காலைத் தூக்கி வைத்தேன். கண்ணை மூடினேன். முழங்கால் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி கிடந்தது.

போட்டிக் குழுத் தலைவன் வெண்டல் குனிந்து கேட்டான். "என்னடா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"வலியே இல்லியா?"

"துளிகூட இல்ல."

வெண்டல் நிமிர்ந்தான். "கேட்டுக்கங்கப்பா! துளிகூட வலி இல்லியாம். பனி பாறையாட்டம் இருக்கு. ஓடை வாய் வரைக்கும் வண்டி போகலாம்!"

கடையே கைதட்டியது. ஓடை வந்து ஏரியில் கலக்கிற அந்த இடத்தில்தான் பெரிய மீன்கள். வெண்டலின் குடிலும் அங்கேதான். ஓடுகிற தண்ணீருக்கு மேலே பனி எப்போதும் மெலிசு. நான் காலைக் கீழே இறக்கினேன்.

"இருங்கய்யா! அது ஊசியால வந்த அமைதி. பனியப் பத்தி அதுக்கு இப்ப ஒண்ணுமே தெரியாது. ரிட்டயர் ஆயிடுச்சு."

கைதட்டல் நின்றது. வெண்டல் நார்வேக்காரன் பேரன். நான் ஃபின்லாந்துக்காரன் பேரன். நான் எதைச் சொன்னாலும் அதைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டுபிடிப்பது அவன் பரம்பரைக் குணம்.

"அப்ப இந்த வியாழக்கிழம ஊசி போடாத," என்றான். "சனிக்கிழமக்குள்ள பேசிடும்ல?"

"ஆமா ரெய்னோ, ஒரு வாரந்தானே," என்றாள் கோரின். "ஊருக்காக."

ஊருக்காக என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். அதைவிடக் கஷ்டம், முழங்கால் இல்லாத நான் யார் என்ற கேள்வி. காப்பிக் கடையில் ஜன்னலோர இடம் எனக்குக் கொடுத்தது அல்ல, அதற்குக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்து ஊசியைப் பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"கரண்ட் பில் நீயா கட்டற?" என்றாள் ஐலி.

விஷயத்தைச் சொன்னேன். அவள் என் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஊசிய நிறுத்துனா முழங்கால் மட்டும் தனியா எந்திரிச்சுப் பேசுமா? கை, மணிக்கட்டு, தோள்பட்ட எல்லாம் சேந்து கத்தும். மறுபடி அடக்கறதுக்கு எத்தன மாசமோ. டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா? வீங்கித் தேஞ்ச எலும்பு திரும்ப வராது."

"ஆனா வெண்டல் வண்டிய ஓட்டிக்கிட்டு ஓடை வாய்க்குப் போயிடுவான், ஐலி. அந்தத் தடியன் முங்கினா ஏரித் தண்ணி ரோட்டுக்கு வந்துடும்."

"அதுக்கு உன் முழங்கால் எதுக்கு? பனி எவ்ளோ கனம்னு பனியத்தானே கேக்கணும்?"

அந்த யோசனை இருபது வருடமாக எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. பனியில் துளை போடும் கருவியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் அப்போதெல்லாம் மணிக்கட்டு ஒரு வாரம் அழும்.

வியாழக்கிழமை காலையில் பாத்திரம் கழுவினேன். ஊசியை எடுத்துக் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். சில்லென்று போட்டால் எரியும், அதனால் அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு இடது தொடையில் போட்டுக்கொண்டேன். விரல்கள் இளகும்வரை காத்திருந்து, பேட்டரியில் ஓடுகிற லேசான துளைக்கருவியைச் சறுக்குவண்டியில் வைத்து, உட்காருவதற்கு ஒரு வாளியும், நீளமாக ஒரு கயிறும் எடுத்துக்கொண்டேன். கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை கரையில் ஐலியிடம். தொலைந்தால் இழுத்துக்கொள்வாளாம்.

கரையோரம் முதல் துளை. கருவியை விரலால் இறுக்காமல் முன்கைகளால் அணைத்து அழுத்தினேன். வெள்ளைத் தூளாக வந்தது. அளவுகோலை விட்டேன்: பதினான்கு அங்குலம், நல்ல கெட்டி. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போய் இன்னொன்று, மறுபடி உட்கார்ந்தேன். வலி இல்லாதபோதே உட்கார்ந்துகொண்டு போனதில் ஏரியைக் கடக்க நேரமாயிற்று. அந்த நேரத்தில் இரண்டு பருவம் மாறியிருக்கும் என்று ஐலி சொல்வாள், அவளுக்கு எதையும் மிகைப்படுத்தித்தான் பழக்கம்.

ஓடை வாய்க்குக் கொஞ்சம் முன்னால் கருவி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சாம்பல் நிறத்தில் ஈரச்சேறு வந்தது. ஐந்து அங்குலம். அந்தப் பனியும் மெழுகுத்திரிகளை நட்டுவைத்த மாதிரி, தொட்டால் குச்சி குச்சியாகப் பிரிந்தது. அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்காமல் வந்த தடத்திலேயே திரும்பினேன்.

பிரிந்த குச்சிகளைத் தூக்குச்சட்டியில் போட்டு நேராகக் காப்பிக் கடைக்குப் போனேன். மேசைமேல் கொட்டினேன்.

"ஓடை வாய்ப் பனி. அஞ்சு அங்குலம். துளை போட்டுப் பாத்தேன். கரையோரம் நல்லாருக்கு, நடந்து போய் மீன் பிடிக்கலாம். வண்டி ஒண்ணுகூட ஏரில எறங்கக் கூடாது."

எல்லாரும் குச்சிகளைப் பார்த்தார்கள். அவை கோரின் மேசையை நனைத்துக்கொண்டிருந்தன.

"ஊசி போட்டுட்டியா?" என்றான் வெண்டல்.

"போட்டுட்டேன்."

"அப்ப முழங்கால் பேசவே இல்ல."

"பேசல. இனிமேயும் பேசாது. நான் துளை போட்டேன், வெண்டல். என் கையால."

அவன் தாடையைச் சொறிந்தான். "சரிடா. ஆனா அவ்ளோ பெரிய ஏரில துளை போட ஓடை வாய்க்குப் போன்னு உனக்குச் சொன்னது யாரு?"

"நீதான்டா வண்டிய அங்க கொண்டுபோறேன்னு குதிச்ச!"

"இல்ல இல்ல," என்றாள் கோரின் மெதுவாக. "முழங்கால்தான் கூட்டிட்டுப் போயிருக்கு. முன்னெல்லாம் உக்காந்த எடத்துல சொல்லும். இப்ப நடந்துபோயே காட்டுது."

"ஊசி போட்டதுல அதோட தெறம கூடிப்போச்சு," என்றான் வெண்டல். கடை முழுக்கத் தலையாட்டியது. நான் இருபது வருடத்தில் முதல்முறையாக அங்கே பச்சை உண்மையைப் பேசியிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமையே குடில்களை எல்லாம் இழுத்துக் கரையோரம் கொண்டுவந்துவிட்டார்கள். வெண்டல் அவசரத்தில் தன் மடக்கு நாற்காலியை மட்டும் மறந்துவிட்டான். சனிக்கிழமை நடுப்பகலில், ஊர் முழுக்கக் கரையோரம் நடந்துபோய்த் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஓடை வாய் பெருமூச்சு விட்டதுபோல் திறந்தது. நாற்காலி மெதுவாக, மிகுந்த கௌரவத்தோடு கீழே போனது. அதில் பைக் என்கிற நீளவாய் மீன் ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. இதை நான் பார்த்தேன். ஐலி அந்த நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

அன்று மாலை சவுனா முடிந்து நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வெண்டல் வந்தான். ஊறவைத்த ஹெர்ரிங் மீன் ஒரு ஜாடி கொண்டுவந்திருந்தான். மன்னிப்புக் கேட்பதற்கு நார்வேக்காரர்களிடம் வேறு மொழி கிடையாது. திறந்து கொடுப்போம் என்று மூடியைத் திருகினான். வரவில்லை. துவைத்த துணியைப் பிழிவதுபோல் முறுக்கினான். முகம் சிவந்தது.

"இப்படிக் குடு," என்றேன்.

சுவரில் மாட்டியிருக்கிற ரப்பர் பல் வைத்த பிடியில் மூடியைச் செருகி, ஜாடியை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து ஒரு திருப்புத் திருப்பினேன். டப்பென்று திறந்தது.

"அது ஏமாத்து வேல," என்றான் வெண்டல்.

"ஆமா. கரண்டியில நுரை சுத்தினதும் ஏமாத்துத்தான். ஊசியும் ஏமாத்துத்தான். வாளிமேல உக்காந்து உக்காந்து போனதும் ஏமாத்துத்தான். உக்காரு, மீன் சாப்புடு."

அவன் உட்கார்ந்தான். என் முழங்காலை ஓரக்கண்ணால் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்த வருஷமும் பாத்துச் சொல்லுமா?"

"சொல்லும்," என்றேன். "ஆனா கருவிய நீ தூக்கிட்டு வரணும். அது இப்பல்லாம் பாரம் தூக்கறதில்ல."