பல்லுக்காரம்மா வீட்டு நாற்காலிகள்

சபையில் யாராவது பல்லுக்காரம்மாவுக்கு மாப்பிள்ளை கேட்டு ஜெபம் செய்தால், மறுநாள் விடியும்போது அவள் வீட்டில் ஒரு நாற்காலி வந்து நின்றது. முதல் நாற்காலி வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அப்போது பல்லுக்காரம்மா என்ற பெயர்கூட வரவில்லை, பல்லுக்காரப் பொண்ணுதான். திங்கட்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தால், முன்னறை நடுவில் மர நாற்காலி ஒன்று, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் கொஞ்சம் திரும்பி நின்றது. கதவின் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. அதே வாரம் பால் விலையும் ஏறியது. தெரு பால் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

அவள் தொழில் பல் கட்டுவது. பிடுங்குவது டாக்டர் வேலை, வைப்பது இவள் வேலை. அப்பா விட்டுப்போன இரண்டறை வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை போட்டிருந்தாள். வாயில் மாவு வைத்து அச்செடுப்பாள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஈறு நிறத்துக் கலவை வைத்து வேகவைத்து, ராவி, மெருகேற்றி, ஆளைக் கூப்பிட்டு மாட்டிவிடுவாள். மாட்டியதும் "ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பாள். அந்தச் சொல் விசிலடிக்காமல் வெளியே வந்தால் பல் சரி. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இதே பரீட்சைதான், ஒருவரும் மறுத்ததில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லை அந்த ஊருக்குத் திருப்பிக் கொடுத்தவள் அவள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் சபை அவளுக்கு மாப்பிள்ளை கேட்டது.

மாப்பிள்ளை வராமலும் இல்லை. அண்ணன் அலைந்து திரிந்து இரண்டு மூன்று பேரைக் கூட்டிவந்தான். ஒருவன் தொழிலை விடச் சொன்னான். இன்னொருவன் நல்ல உயரம், நல்ல வேலை, சிரித்தால் முன்பல் இரண்டும் முத்து. அந்த முத்து இரண்டும் டாக்டர் அனுப்பிய அச்சைப் பார்த்து அவள் செய்தவை. தான் நட்ட பல் தனக்குத் தெரியாதா? பேச்சுவாக்கில் கேட்டாள். அவன் சொந்தப் பல் என்று சாதித்தான். பல்லில் பொய் சொல்கிறவன் நாளைக்கு எதில்தான் சொல்ல மாட்டான் என்று அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "இப்படிப் பாத்தா உனக்கு ஒருத்தனும் தேற மாட்டான் பாப்பா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அதன் பிறகு அந்தப் பொறுப்பு அவன் கையிலிருந்து சபையின் கைக்குப் போனது.

சபை லேசில் விடவில்லை. ஞாயிறு ஆராதனையில் நோயாளிகள், பிரயாணம் போகிறவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லி முடித்ததும் கடைசியில் அவள் முறை வரும். எல்லாத் தலையும் ஒரு தரம் அவள் பக்கம் திரும்பிவிட்டுக் குனியும். திங்கட்கிழமை நாற்காலி வரும். கேட்ட வாய் எப்படியோ நாற்காலியும் அப்படி. யாருடையது என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். வாயைப் பார்த்து ஆளைச் சொல்பவளுக்கு நாற்காலி எம்மாத்திரம்? மருந்துக்கடைக்காரர் தூக்கக் கலக்கத்தில் ஆமென் மட்டும் சொல்பவர். அவர் நாற்காலியில் பிரம்புப் பின்னல் பாதியிலேயே நின்றிருந்தது. போதகர் கணீரென்று நீட்டி முழக்குவார். அவருடையது உயரமாக, பளபளவென்று, முதுகில் செதுக்கு வேலையோடு வந்தது, கையை வைத்தால் மட்டும் கிறீச்சிட்டது. அல்லேலூயா அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் ஒருத்தி இருந்தாள். தன் பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லி நன்றி செலுத்திவிட்டுத்தான் இவளுக்காகக் கேட்பாள். அவள் நாற்காலிகள் பார்க்க லட்சணமாக இருக்கும், மூட்டில் ஆணி இருக்காது. இவற்றைத் தள்ளிவிடப் பல்லுக்காரம்மா முயற்சி செய்யாமல் இல்லை. ஒன்றைப் பழைய சாமான்காரனிடம் கொடுத்தாள். மறுநாள் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே இடத்தில் திரும்ப வந்து நின்றது. அதோடு விட்டுவிட்டாள்.

இந்த விஷயம் சபைக்குத் தெரியாமல் போகுமா? ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் போய்ச் சொன்னார்கள். மூப்பர்கள் கூடி யோசித்து, கல்யாணத்துக்கு வரப்போகிற ஜனத்துக்குக் கர்த்தர் முன்கூட்டியே நாற்காலி அனுப்புகிறார் என்று முடிவு கட்டினார்கள். அப்புறம் கேட்பானேன், ஜெபம் இரண்டு மடங்கானது. ஆனால் ஒருவரும் உள்ளே வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்ததில்லை. காரணம் பகை இல்லை, பல். அவள் வாசலில் ஏறினால் இன்னாருக்குப் பல் செட்டு என்று தெருவுக்கே தெரிந்துபோகும். அதனால் வருகிறவர்கள் பொழுது சாயும் நேரமாகப் பார்த்துப் பின்வாசலில் வந்து, நின்றபடியே வாயைத் திறந்து, ஸ்தோத்திரம் சொல்லி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவளும் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. வருஷத்தில் ஒரு ஞாயிறு போதகர் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொல்லி ஆசீர்வதிப்பார். பெண்கள் பக்கத்தில் வயதானவர்கள் எல்லோரும் எழுந்துவிட, அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். நிமிர்ந்து பார்த்தால் பாதிப் பேர் அவள் செய்த பல்லால் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஞாயிறும் அவள் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. கர்த்தர் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. அவரோடு பேச அவளுக்கு வேறு நூறு விஷயம் இருந்தது.

இரண்டு நாற்காலிகள் மட்டும் திங்கட்கிழமையில் வரவில்லை. ஒன்று குட்டி நாற்காலி, முழங்கால் உயரம். முப்பது தாண்டிய பிறகு ஒருநாள், அண்ணனின் கடைசிக் குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், வாய்விட்டு ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டாள். மறுநாள் அது மேஜைக்குப் பக்கத்தில் நின்றது. அதைப் பார்த்து அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு மேல்தட்டிலிருந்த பிளாஸ்டர் டப்பாவை எடுக்க அதன்மேல் ஏறினாள். உயரம் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அது அந்த வேலையைப் பார்த்தது. மற்றது ஒரு புதன்கிழமை வந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லை, கைப்பிடிகூட இல்லை. ஆனால் அதில் சாய்ந்தால் முதுகெலும்பு அப்பாடா என்றது. நாள் முழுக்கக் குனிந்து பல் ராவுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? அதையே மேஜைக்குப் போட்டுக்கொண்டாள். யார் கேட்டது என்றுதான் தெரியவில்லை. சபையில் ஒவ்வொரு வாயாக நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் பொருந்தவில்லை.

வருஷங்கள் ஓடின. பின்னறை நிறைந்தது, அடுப்படி நிறைந்தது, நாற்காலி மேல் நாற்காலி ஏறியது. படுக்கைக்குப் போக ஒற்றையடிப் பாதைதான். முன்னறையில் அந்த மேஜை ஒன்று மட்டும் தப்பித்து நின்றது. அந்த நேரம் பார்த்துப் போதகர் ஒரு ஞாயிறு காலை அறிவித்தார். சகோதரிக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, இனியும் தாமதிக்கக் கூடாது, நாளை முதல் வாரம் முழுவதும் சபை மொத்தமும் அவளுக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கும். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாரம், சபை மொத்தமும் என்றால் மேஜை போச்சு. மேஜை போனால் தொழில் போச்சு. எனக்காக ஜெபிக்காதீர்கள் என்று எந்த விசுவாசி எழுந்து சொல்வாள்? சொன்ன பிறகு அவளைச் சபை எந்தக் கண்ணால் பார்க்கும்? பிறந்ததிலிருந்து அவளுக்கு இருந்த இன்னொரு வீடு அதுதான். ஆனாலும் எழுந்தாள்.

"பாஸ்டர், போதும். எனக்கு மாப்பிள்ளை கேக்கறதை இன்னியோட விட்டுடுங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "சிஸ்டர், ஜெபத்தை நிறுத்தச் சொல்றது நல்லதில்ல. வேதத்துல பிள்ளையில்லாம இருந்த எத்தனை பேருக்கு..."

"கடைசியில பிள்ளை பொறந்துச்சு, தெரியும் பாஸ்டர். அதே வேதத்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேரோட வீடு ஒண்ணு வருது. அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா, குழந்தை குட்டி இருந்துச்சான்னு ஒருத்தரும் எழுதி வைக்கல. கர்த்தர் அந்த வீட்டுக்குப் போனார், உக்காந்தார், சாப்பிட்டார். மாப்பிள்ளை பேச்சே எடுக்கல." அவள் சபையின் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமா எனக்காகக் கேட்டீங்களே, ஒருத்தராவது வந்து உக்காந்தீங்களா? இன்னிக்குச் சாயங்காலம் வாங்க. முன்வாசல் வழியா வாங்க. அவங்கவங்க நாற்காலி அங்க இருக்கு."

அன்று மாலை முன்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மேஜையில் போய் உட்கார்ந்தாள். தெருமுனையில் சபை மொத்தமும் கூடி நின்றது. வர மனசு இருந்தது, ஆனால் வாசல் ஏறினால் பல் மானம் போகும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதில் பொழுதுதான் போனது. உள்ளே அவளோ, இன்றோடு எனக்குச் சபை இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிட்டாள். அப்போதுதான் மருந்துக்கடைக்காரர், தூங்குமூஞ்சி என்று பெயரெடுத்த மனிதர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார். "ஆமாய்யா, எனக்கு மேல்வரிசை பூரா செட்டுதான்! அவங்க செஞ்சதுதான்! அதுக்கென்ன இப்போ?" என்று கத்திவிட்டு விடுவிடுவென்று படியேறினார். நேராகப் போய், பிரம்பு பாதியில் நின்ற நாற்காலியில் பாதி உட்கார்ந்தார். அவர் நாற்காலி எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு அணை உடைந்ததுபோல் வந்தார்கள். அடுக்கிலிருந்து நாற்காலிகளை இறக்கி, அறை, அடுப்படி, வாசல், நடைபாதை என்று போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவரும் மாறி உட்காரவில்லை. போதகர் கிறீச்சென்ற சத்தத்தோடு உட்கார்ந்தார். அசையும்போதெல்லாம் அது கிறீச்சிட்டது, அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். அல்லேலூயா அக்கா தன் லட்சணமான நாற்காலியில் அமர்ந்ததும் அது கால் வேறு கை வேறாகக் கழன்றது. அக்காவுக்கு அடி ஒன்றும் இல்லை, ஆனால் பல் செட்டு வாயிலிருந்து பறந்து போதகரின் மடியில் விழுந்தது. பிறகு அக்காவே பொக்கை வாயால் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் வீடே குலுங்கியது. பாதிப் பேர் தங்கள் பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பல்லுக்காரம்மா செட்டைக் கழுவி, ஒரு பக்கம் லேசாக ராவி, மாட்டிவிட்டு, "ஸ்தோத்திரம் சொல்லுங்க அக்கா" என்றாள். அக்கா சொன்னாள். இந்த முறை பிள்ளைகள் பெயர் எதையும் சேர்க்கவில்லை. குழந்தைகள் குட்டி நாற்காலியில் முறைவைத்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பல்லுக்காரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். துக்கம்தான், இல்லை என்று சொல்வதற்கில்லை. பழகிய துக்கம்.

கடைசியாக அண்ணி வந்தாள், வீட்டு வேலையை முடித்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. உட்கார இடமில்லை. அண்ணனுக்கு முகம் சுருங்கியது. "அவளுக்கு எங்க நாற்காலி இருக்கப் போகுது பாப்பா? ஞாயித்துக்கிழமை ராத்திரி குடும்ப ஜெபத்துல எல்லாரும் உனக்காகக் கேப்போம், இவ மட்டும் வாயே திறக்க மாட்டா. நிக்கட்டும்" என்றான். பல்லுக்காரம்மா எழுந்து, தன் வேலை நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க அண்ணி என்றாள். அண்ணி உட்கார்ந்தாள். அது அவள் முதுகோடு பொருந்திய விதத்தைப் பார்த்ததும் பல்லுக்காரம்மாவுக்குப் புரிந்துபோனது. ஒரு செட்டு வாயில் சரியாகப் போய் உட்காருவதை அவள் எத்தனை தரம் பார்த்திருப்பாள்.

"அண்ணி, நீங்க என்ன கேட்டீங்க?"

அண்ணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பெருசா ஒண்ணும் இல்ல. நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருக்கியே, முதுகு வலி வராம பாத்துக்கோங்க ஆண்டவரேன்னு துணி துவைக்கும்போது சொன்னேன். மாப்பிள்ளையெல்லாம் கேக்கத் தோணல. ஒருத்தரை வச்சுக்கிட்டு நான் படற பாடு போதாதா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பல்லுக்காரம்மா அண்ணியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள்.

உபவாச ஜெபம் நடக்கவில்லை. உட்கார்ந்து எழுந்தவர்கள் தூக்கினால் நாற்காலி தகராறு செய்யாமல் கூடவே போயிற்று. ஆளுக்கு ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துப் போனார்கள். விட்டவை சும்மா இருக்கவில்லை; ஞாயிறு மாலைகளில் அந்த வீட்டில் சந்தைக்கடைச் சத்தம். பின்வாசலைச் சீந்துவாரில்லை. அவளுக்காக ஏதாவது கேட்பதென்றால் முதலில் அவளையே கேட்டார்கள். கண் பார்வை நல்லா இருக்கணும், மழைக்காலத்துல பிளாஸ்டர் சீக்கிரம் காயணும் என்று அவள் சொல்வாள். மறு வருஷம் போதகர் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொன்னபோது, மூன்று பிள்ளை பெற்ற அண்ணி அவள் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஜாடை காட்டினான். "முதுகு வலிக்குது" என்றாள் அண்ணி.

பல்லுக்காரம்மாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது, முதுகு வலி இன்றுவரை வந்ததில்லை. போன மாதம் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த சின்னப் போதகருக்கு யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. துணையில்லாத இந்தத் தாயாருக்கு ஏற்ற ஒரு துணையைத் தாரும் என்று உருக்கமாகக் கேட்டுவிட்டார். சபை தலை குனிந்தபடி சிரித்தது. திங்கட்கிழமை காலை அவள் பிளாஸ்டர் டப்பாவை நகர்த்தி இடம் பண்ணிவிட்டு, அவருக்கு ஆள் அனுப்பினாள். "உங்க நாற்காலி வந்திருக்கு, தம்பி. எப்ப வந்து உக்காரப் போறீங்க?" அவர் அன்றே முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தார். ஒரு கால் ஆடியது. அவள் கொஞ்சம் மெழுகை உருட்டி அடியில் வைத்து அழுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பல்லை ராவத் தொடங்கினாள்.