ஆள் அல்ல, ஆள் இல்லை

1

இந்தக் கதையை நான் பயத்தில் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்காவது என் கை நடுங்கினால் அதை நடை என்று நினைத்து நீங்கள் பாராட்டிவிடக் கூடாது.

போன வருடம் சென்னையில் ஒரு சின்ன கம்பெனி எனக்கு நாற்பத்து மூன்று வரிகளை அனுப்பியது. கேமராவில் விழும் படத்தைப் பார்த்து இது ஆள், இது மாடு, இது லாரி என்று கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் திரையில் வரும் பொத்தான்களின் பெயர்களை நான் தமிழில் மாற்றித் தர வேண்டும். அது எங்கோ வெளிநாட்டில் கார்கள் நிறுத்தும் இடங்களைப் பார்த்துப் படித்தது. நம் ஊருக்கு வந்தால் முழிக்கும். அதனால் உள்ளூரில் ஒருவர் உட்கார்ந்து, அதற்குச் சந்தேகம் வருகிற படங்களை எல்லாம் பார்த்துச் சரி, தப்பு சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அது ஊரைப் பழகிக்கொள்ளும்.

பதினேழாவது வரியும் முப்பத்தொன்றாவது வரியும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருந்தன. ஒன்று, கட்டத்துக்குள் இருப்பது ஆள் கிடையாது என்று சொல்வதற்கு. மற்றது, படத்தில் ஆளே கிடையாது என்று சொல்வதற்கு. பதினேழுக்கு நான் முதலில் ‘ஆள் அல்ல’ என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. இந்தக் காலத்தில் யார் ‘அல்ல’ என்று பேசுகிறார்கள்? பேச்சில் எல்லாமே ‘இல்ல’தான். ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டும் என்று மேடையில் வேறு பேசியிருக்கிறேன். அழித்துவிட்டு இரண்டுக்கும் ‘ஆள் இல்லை’ என்று போட்டேன்.

ஒரு வாரம் கழித்து நன்றி சொல்லி மின்னஞ்சல் வந்தது. ஒரே பெயரில் இரண்டு பொத்தான்கள் இருந்தனவாம், ஒன்றை எடுத்துவிட்டார்களாம். முதலில் செஞ்சியில் ஒரு நெல் குடோனில் பொருத்தப் போகிறார்களாம். எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் பல் துலக்கும்போதுதான். வாயைக் கொப்பளிக்காமலே எழுதி அனுப்பினேன். இன்று வரை பதில் இல்லை.*

* இனி வருகிறவர்கள் எல்லோரும் என் கற்பனை. அந்தக் குடோன் எது என்று எனக்குத் தெரியாது, போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. கற்பனை என்று சொல்லிக்கொள்வது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: செஞ்சிக் கோட்டையின் உச்சியில் மேகம் இறங்கி

(வேண்டாம். செஞ்சி என்றதும் கோட்டையைத் தூக்கி வைப்பது வெளியூர்க்காரன் புத்தி. அங்கே இருப்பவர்கள் தொண்டூர் பஸ் வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

(பொய். பார்க்கவில்லை என்பதுதானே கதை.)

மூன்றாம் தொடக்கம்: சுவாதிக்கு இருபத்துநான்கு வயது. தொண்டூரில் அவள் தெருவில் கம்ப்யூட்டர் படித்த நான்காவது பெண்.

இது போதும். இதிலிருந்தே போகலாம்.

3

செஞ்சி பஜாரில் பாலசுப்பிரமணியனுக்கு ஒரு அரிசிக் கடை இருந்தது. திருவண்ணாமலை ரோட்டில் இருந்த நெல் குடோனும் அவருடையதே. கடைக்கு மேலே சின்ன அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, சுவாதியை வேலைக்கு உட்கார வைத்தார்.

குடோன் முற்றத்தில் லாரிகள் பின்பக்கமாகவே மூட்டை இறக்கும் மேடைக்கு வரும். முன்பெல்லாம் கிளீனர் கீழே இறங்கி நின்று ‘வா, வா, வா’ என்று கத்துவான். கேமரா வந்த பிறகு அந்தக் கத்தல் நின்றுபோயிற்று. லாரிக்குப் பின்னால் ஆள் இருந்தால் கேமரா கண்டுபிடித்துச் சைரன் அடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். சைரன் அடிக்கவில்லை என்றால் வந்துகொண்டே இருக்கலாம்.

ஆனால் அது காரணமில்லாமல் சைரனை அடித்துத் தள்ளியது. மேடையோரம் அடுக்கிய மூட்டைகள் ஆள் உயரம் இருந்ததால் ஒவ்வொரு அடுக்கையும் ஆள் என்று நினைத்து அலறியது. மூட்டை தூக்குகிறவர்கள் கேமராவின் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டினார்கள். சுவாதியின் வேலை அதைத் திருத்துவது. திரையில் ஒரு படம் வரும், மூட்டை அடுக்கைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் இருக்கும். கீழே மூன்று பொத்தான்கள்: ஆள், ஆள் இல்லை, தெரியவில்லை. அவள் ‘ஆள் இல்லை’யை அமுக்குவாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் சொன்னதை எல்லாம் மென்பொருள் மொத்தமாகப் படித்துக்கொள்ளும்.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல், ஒரு ஓரத்தில் ஒரு பெண் நெல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

(என் முதல் பிரதியில் அவளைப் பற்றி இந்த ஒரு வரிதான் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. வெட்கத்தோடு திருத்துகிறேன்.)

அவள் பெயர் காத்தாயி. சுவாதியின் தெருக்காரி, சுவாதிக்கு அத்தை முறை. தரையில் சிந்துகிற நெல்லைக் கூட்டி முறத்தில் வாருவது அவள் வேலை. முட்டி வலிக்காரி, எழுந்து எழுந்து உட்கார முடியாது என்பதால் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து கூட்டுவாள். தூசிக்காகத் தலையில் ஒரு கோணியை மடித்துப் போட்டிருப்பாள். நிற்கிற மனிதர்களையே பார்த்துப் படித்த மென்பொருளுக்கு அவளைப் பார்த்தால் குழப்பம். முதல் வாரத்தில் சில படங்களில் அவளைச் சுற்றியும் கட்டம் போட்டது, சுவாதி ‘ஆள்’ என்று அமுக்கினாள். மற்ற படங்களில் கட்டம் மூட்டை மேல் மட்டும் இருந்தது. கேள்வி கட்டத்தைப் பற்றியது. அதற்கு அவள் சரியாகவே பதில் சொன்னாள்.

மூன்று வாரத்தில் சைரன் அடங்கிவிட்டது. பாலசுப்பிரமணியனே மாடியேறி வந்து, இப்போதுதான் காதுக்கு நிம்மதி என்று பாராட்டிவிட்டுப் போனார். சுவாதி அன்று வீட்டுக்குப் போய் நைனாவிடம் இரண்டு தடவை அதைச் சொன்னாள். தன்னால் ஒரு மெஷின் புத்திசாலி ஆனதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

4

நான்காம் வாரம், சனிக்கிழமை காலை. செஞ்சி போகிற பஸ்ஸில் காத்தாயி முன் சீட்டில் இருந்தாள். சுவாதிக்கு ஆச்சரியம். திங்கட்கிழமையிலிருந்து ஒரு படத்தில்கூட அவளைப் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லையோ, வேலையை விட்டுவிட்டாளோ என்றுதான் நினைத்திருந்தாள்.

“இன்னா அத்தே, இந்த வாரம் ஃபுல்லா லீவா?”

“நான் எங்கடி லீவு போட்டேன்? தினிக்கும் அங்கதான குந்திக்கினு கெடக்குறேன்.”

“மேடைக்கிட்டயா?”

“வேற எங்க? லோடு எறங்குற எடத்துலதான நெல்லு கொட்டுது.”

சுவாதி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழாமல் இரண்டாவது முறை கேட்க வைத்தாள். காத்தாயி அதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரியோடு ரேஷன் கடையில் சர்க்கரை போடாததைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள்.

(இங்கேயே அவளை எச்சரிக்க வைத்திருக்கலாம். முயன்று பார்த்தேன். எதை எச்சரிப்பாள்? அவளுக்கே இன்னும் புரியவில்லையே. எழுதுகிறவனுக்குத் தெரிந்ததை எல்லாம் பாத்திரத்தின் வாயில் திணிக்க முடியாது.)

5

மாடி அறைக்கு வந்ததும் சுவாதி பழைய படங்களைத் தேடி எடுத்தாள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு எண் இருக்கும். இது ஆள் என்று மென்பொருள் எவ்வளவு உறுதியாக நினைக்கிறது என்பதற்கான எண். முதல் வாரம் காத்தாயியின் தலைக்கு மேல் எழுபத்தொன்று. இரண்டாம் வாரம் நாற்பது. மூன்றாம் வாரம் பன்னிரண்டு. நான்காம் வாரம் படமே இல்லை.

சந்தேகம் வருகிற படங்கள் மட்டும்தான் சுவாதிக்கு வரும். மூட்டைகளைப் பற்றிச் சந்தேகம் தீர்ந்ததால் மேடையோரப் படங்கள் வருவது நின்றுவிட்டது. காத்தாயியைப் பற்றி மென்பொருளுக்கு இப்போது சந்தேகமே இல்லை.

அவள் இதயம் படபட

(இதயத்தை அடித்துவிட்டேன். அவள் எழுந்து படியிறங்கி ஓடினாள்.)

6

கீழே கல்லாவில் பாலசுப்பிரமணியன் இருந்தார். இவரை நான் கெட்டவராக்கத் திட்டமிட்டிருந்தேன். ‘போம்மா, வேலையைப் பாரு’ என்று விரட்ட வேண்டும். கடைக்காரர், பணக்காரர், வசதியாக இருந்திருக்கும். ஆனால் சுவாதியின் முகத்தைப் பார்த்ததும் அவர் தராசில் இருந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டு, அவள் கையில் கொடுத்துவிட்டார். நான் என்ன செய்ய?

மறுமுனையில் விமல்ராஜ் என்ற பையன், கம்பெனியில் இந்த வேலையைக் கவனிப்பவன். பொறுமையாகத்தான் கேட்டான்.

“நீங்க எத அமுக்குனீங்க மேடம்?”

“ஆள் இல்ல.”

“சரி, ஆள் இல்லன்னா ஆள் இல்லதானே?”

“இல்ல சார். கட்டத்துல இருக்குறது ஆள் இல்ல. மூட்ட. பக்கத்துல எங்க அத்த குந்திக்கினு இருக்குது.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். அந்தப் பொத்தானை அமுக்கினால் படம் முழுக்கவே ஆள் கிடையாது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளுமாம். அந்தப் படத்தில் இருந்த எல்லாமே ஆள் இல்லை என்று படித்திருக்குமாம். இப்படி எத்தனை படம் இருக்கும் என்று கேட்டான். இரண்டாயிரத்துக்கு மேல் என்றாள். திங்கட்கிழமை சரி செய்துவிடலாம் என்றான்.

(இருவரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், பாருங்கள். ஒருவர் சொல்வது ஒன்று, மற்றவர் கேட்பது ஒன்று. பிரித்துக் காட்ட ஒரு சொல் தமிழில் இருந்தது. அழித்தவன் நான்.)

பாலசுப்பிரமணியன் அதற்குள் இன்னொரு போனில் குடோனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எடுக்கவில்லை. எடை போடுகிற நேரம், கணக்குப்பிள்ளை வெளியே இருப்பார். அவலூர்பேட்டையிலிருந்து ஒரு லோடு பத்து மணிக்கு வர வேண்டியது என்று சொல்லிவிட்டு அவர் சுவரில் மணி பார்த்தார். பத்தாக ஏழு நிமிடம்.

“வண்டிய எடுத்துக்கினு போம்மா” என்று ஸ்கூட்டர் சாவியைத் தூக்கிப் போட்டார். “நான் போன் போட்டுக்கினே இருக்கேன்.”

7

முடிவு ஒன்று: சுவாதி போய்ச் சேர்வதற்குள் கணக்குப்பிள்ளை போனை எடுத்தார். லாரி நின்றது. காத்தாயிக்கு எதுவுமே தெரியாது.

(இதை எழுதி முடித்த ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் கிழித்துப் போட்டேன். என் தூக்கத்துக்காக எழுதிய முடிவு அது.)

முடிவு இரண்டு: லாரியின் பின்சக்கரம்

(முடியாது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

8

ஆகவே நடப்பதை நடக்கிற வரைக்கும் சொல்கிறேன்.

சுவாதி கேட்டுக்குள் நுழையும்போது லாரி பின்னால் வர ஆரம்பித்திருந்தது. மேடையோரம் காத்தாயி லாரிக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். சுவாதி கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டிரைவர் பக்கம் ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட் இருப்பது மேடைப் பக்கம். லாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக நேரம் இல்லை.

அவள் காத்தாயியை நோக்கி ஓடினாள். ஓடும்போதே ஒன்று தோன்றியது. குந்தியிருக்கிற ஆளைத்தான் அதற்குத் தெரியாது, நிற்கிற ஆளைத் தெரியும். நேராக நின்றால் போதும், சைரன் அடிக்கும். காத்தாயியின் பக்கத்தில் போய், கம்பத்து மேல் இருந்த கேமராவைப் பார்த்து, கையிரண்டையும் விரித்து நிமிர்ந்து நின்றாள்.

நின்ற பிறகுதான் பக்கத்தில் இருந்த மூட்டை அடுக்கைப் பார்த்தாள். சரியாக அவள் உயரம். அதே இடம். இந்த இடத்தில் இந்த உயரத்தில் எது நின்றாலும் ஆள் இல்லை என்று அவளே இரண்டாயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு கையைக் கீழே விட்டுக் காத்தாயியின் தோளைப் பிடித்து இழுத்தாள். முட்டி வலிக்காரி சட்டென்று எழுந்துவிட மாட்டாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது எழுத்தாளர்கள் நழுவுகிற வழி என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும். ஒரு சொல்லை யோசிக்காமல் போட்ட கை இது. அடுத்த சொல்லை இந்தக் கையிடம் ஒப்படைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சைரன் அடித்தது என்பதோ அடிக்கவில்லை என்பதோ, நீங்கள் சொல்லுங்கள். ஆனால் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. லாரி இன்னும் நிற்கவில்லை, இடையில் நான்கு அடிதான் இருக்கிறது.

காத்தாயி திரும்பியும் பார்க்கவில்லை. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு, குவியலைக் கையால் ஒதுக்கியபடியே சொன்னாள்:

“இன்னாத்துக்குடி இப்புடி இழுக்குற? வண்டி வந்தா கேமராதான் கத்துமே.”