தெற்கே கொட்டிய கல்

"கொலையா, தற்கொலையா, படகு கவுந்துதா? மூணுல ஒண்ணு சொல்லும்மா. நான் எழுதணும்ல?"

"மூணும் இல்ல சார். மஞ்சக்காமாலை. நாலு வருஷம் முன்னாடி வீட்லயே செத்தாரு. நாங்கதான் பொதச்சோம்."

ரைட்டர் சடையப்பன் பேனாவை மூடினார். அந்தக் காவல் நிலையத்து மேசைக்கடியில் சாக்கு ஒன்று கட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு தொடை எலும்பு. கடலூர்க் கரையில் காலையில் நடக்கப் போன யாரோ பார்த்துவிட்டு போன் செய்திருந்தார்கள். எலும்பில் ஒரு எஃகுத் தகடு திருகப்பட்டிருந்தது. தகடு என்று ஊரில் பேச்சு எழுந்ததுமே, இப்போது எதிரே நிற்கும் இசைவாணிக்குத் தெரிந்துவிட்டது: அப்பா தேவசகாயத்தின் வலது கால்.

"பொதச்சவரு எப்படி எழுந்து கடலுக்குப் போனாரு? நீச்சல் அடிக்கவா?"

"அவரு போவல சார், கடலு வந்துச்சு. தெக்க கடலுக்குள்ள கல்லு கொட்டுனாங்க. மணலு அங்கியே நின்னுடுது. வடக்க எங்க கல்லறைத் தோட்டத்த அலை தின்னுது. ரெண்டு வரிசை போச்சு. மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் அஞ்சு மனு குடுத்தோம்."

"நான் கொட்டலியே."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. கல்லு தானா நடந்து வந்துச்சு போல."

நாளை கல்லறைத் திருநாள். முந்தின நாளே போய்ச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பது அம்மா லோகநாயகியின் வழக்கம். இன்றும் போனாள். சிலுவை நின்ற இடத்தில் அலை நுரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைக்காமல் இப்போது நிலையத்து வாசலில் நிற்கிறாள்.

சடையப்பன் தாளைத் திருப்பிப் பார்த்தார். "கல்லறைன்னு எழுத இதுல எடமே இல்ல. அடையாளம் தெரியாத ஆண்னு போட்டு மூணு மணி ஜீப்புல சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். டெஸ்ட் முடிஞ்சா அவுங்களே பொதச்சிடுவாங்க."

இசைவாணிக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பெயர் சொல்லி, ஜெபம் சொல்லி, பெட்டியில் வைத்துப் புதைத்த மனுஷன், அடையாளம் தெரியாதவராம்!

"இந்தக் காலு உயிரோட ஒருதரம் சிதம்பரம் போயிட்டு வந்திருச்சு சார். லாரி மோதி, தகடு வச்சி, நொண்டிக்கிட்டே வீடு வந்துச்சு. செத்தப்புறம் மறுபடி எதுக்கு?"

பையிலிருந்து பழைய எக்ஸ்ரே படத்தை உருவி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் அப்பாவின் பெயர். தகட்டில் எட்டுத் திருகுகள். ஏழாவது மட்டும் கோணல்.

வெளியே ஜீப் உறுமியது. சடையப்பன் குனிந்து சாக்கைத் தூக்கினார்.

"அவுத்து எண்ணிப் பாருங்க சார். ஏழாவது திருகு கோணலா இருந்தா எங்கப்பாவ எங்கிட்டயே குடுத்துடுங்க."